ஓட்டைக் காலணாவின் ஓட்டை எங்கே போனது? மும்பை பங்கார் (காயலான்) கடைகளில் போர்க்கால நாணயக் கழிவு தேடுவோருக்கு

இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சம் பிடிக்கக் காலணாவில் ஓட்டை போட்டார்கள், சரி. அந்த ஓட்டையிலிருந்து விழுந்த வில்லை எங்கே? சோர் பஜாரில் நாலு கடையில் கேளுங்கள், ஒருவராவது டப்பா நிறைய எடுத்துக் கொட்டுவார். "பாம்பே மின்ட் மால்", அதாவது பம்பாய் நாணயச்சாலைச் சரக்கு, என்று சத்தியம் செய்வார். அநேகமாக அத்தனையும் வாஷர் அடிக்கும் பட்டறைக் கழிவு. உண்மையான வில்லை நாணயச்சாலையின் உலைக்கே திரும்பியது. உலோகத்தை நிறுத்துத் தந்து நிறுத்து வாங்கும் இடம் அது. போர்க்காலத்தில் அந்தக் கணக்கு இன்னும் இறுகியது.

அப்படியானால் தேடுவது வீணா? இல்லை. கணக்குக்குத் தப்பியவை கொஞ்சம் உண்டு: முத்திரை விழாத வெறுந்தகடு, ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட காசு, ஓட்டை விலகிய காலணா. இவை நல்ல காசோடு கலந்து சாக்கில் வெளியே வந்தவை. ஆனால் கையில் எடுக்கும் எதையும் முதலில் வாஷர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வாஷர் இல்லை என்று எடையும் அளவும் சொல்லட்டும். விற்பவர் சொல்வதைக் காதில் மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.

எதைத் தேடுகிறோம்

போர் இந்திய நாணயத்தை மூன்று இடத்தில் தொட்டது. அந்த மூன்றின் உலோகமும் அளவும் மனப்பாடம் இல்லாமல் பங்கார் கடைக்குள் கால் வைக்க வேண்டாம்.

முதலில் வெள்ளி. 1939 வரை ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 50 சதவீதம். மிச்சம் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. நாலு உலோகக் கலவை. எடை மாறவில்லை, அதே 11.66 கிராம். விட்டம் 30.5 மி.மீ. அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92.

இரண்டாவது பித்தளை. வெள்ளையாக இருந்த ஒரணாவும் இரண்டணாவும், அவற்றோடு அரையணாவும், 1942 முதல் 1945 வரை மஞ்சளாக, நிக்கல் கலந்த பித்தளையில் வந்தன. ஒரணா வளைவு வளைவான ஓரத்தோடு 3.88 கிராம். இரண்டணா முனை மழுங்கிய சதுரம், 5.83 கிராம். அரையணாவும் சதுரம்தான், சுமார் 2.9 கிராம்.

மூன்றாவது நம் ஓட்டைக் காலணா. 1942 வரை காலணா 4.86 கிராம், 25.4 மி.மீ. 1943ல் அது 2 கிராம், 21.3 மி.மீ., நடுவில் ஓட்டை. பழைய காலணா ஒன்றின் வெண்கலத்தில் புதியது இரண்டு அடித்து மிச்சமும் பிடிக்கலாம். 1947 வரை அடித்தார்கள்.

போர் முடிந்தபின் 1946, 47ல் வந்த சுத்த நிக்கல் காசுகளை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றில் சோதனை சுலபம்: காந்தம் ஒட்டும். மேலே சொன்ன மூன்றிலும் காந்தம் ஒட்டாது.

வெள்ளிக் கழிவு வெளியே கிடைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. போரின் கடைசி ஆண்டுகளில் லெண்ட்-லீஸ் என்ற போர்க்கால உதவி ஏற்பாட்டில் அமெரிக்கா 22 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளியை இந்தியாவுக்குக் கடனாகக் கொடுத்தது. பின்னால் அதை அடைக்க, புழக்கத்திலிருந்த நாலு கலவைக் காசுகளையே திரும்ப வாங்கி உருக்கி வெள்ளியைப் பிரித்தார்கள். காசையே விட்டுவைக்காதவர்கள் கழிவை விட்டிருப்பார்களா?

பையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, 200 கிராம் தாங்குவது. டிஜிட்டல் வெர்னியர். பத்து மடங்கு லென்ஸ். நியோடிமியம் காந்தம் ஒன்று, நூலில் கட்டியது. ஒரு நோட்டு. இவற்றோடு நான்கு அசல் காசுகள்: தேய்ந்த ஓட்டைக் காலணா ஒன்று, 1943 அல்லது 44ல் அடித்த பித்தளை ஒரணா ஒன்று, அதே கால இரண்டணா ஒன்று, 1940க்குப் பிந்தைய வெள்ளி கால் ரூபாய் ஒன்று. முதல் மூன்றும் மும்பை ஃபோர்ட் பகுதி நடைபாதையில் சல்லிசாகக் கிடைக்கும். பத்துக் கருவியை விட அந்த நாலு காசு உதவும். எதற்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அசல் இருக்க வேண்டும்.

எங்கே, எப்போது

சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் கடைகள் வெள்ளிக்கிழமை அடைப்பு. அதே வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தரையில் விரித்து விற்கும் ஜும்மா பஜார் கூடும். கடைக்காரர்களே அங்கேதான் வாங்க வருகிறார்கள் என்பதால் வெளிச்சம் வருமுன் போனால் பலன். டார்ச் வேண்டும். விரிப்பில் பூட்டு, குழாய், சுவிட்சு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் டப்பாவைத் தேடுங்கள். காசு மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் விரிப்பில் ஏற்கெனவே ஒருவர் கண் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

குர்லாவிலும் தாராவியிலும் பங்கார் கடைகள். நம் ஊரில் காயலான் கடை என்போமே, அதுதான். தாராவியில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சிகள் நடத்தும் கடைகளில் தமிழே போதும். "அண்ணாச்சி, பித்தளக் கூடைய ஒரு தடவ கொட்டிப் பாத்துக்கவா? எடுக்கிறத பித்தள வெலைக்கு மேல பாதி சேத்துத் தாரேன்" என்று முதலிலேயே விலையைச் சொல்லிவிடுங்கள். கொட்டிய இடத்தைக் கூட்டிவிட்டு வாருங்கள். அடுத்த தடவை அவரே எடுத்து வைப்பார். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "நாணயம்", "மின்ட்" என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம். எடுத்த நிமிஷம் விலை கிலோவிலிருந்து எண்ணிக்கைக்குத் தாவிவிடும்.

குலால்வாடி, கீகா ஸ்ட்ரீட் பக்கம் உலோகத் தகடு மொத்த வியாபாரம். அங்கே தேடப் போவதில்லை, படிக்கப் போகிறோம். புதுப் பித்தளைத் தகடும் செம்புத் தகடும் வெட்டிய ஓரத்தில் எப்படி இருக்கும் என்று கண் பழகினால் பட்டறைக் கழிவு உடனே தெரியும்.

இன்னொரு இடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: இடிக்கும் கட்டடம். ஓட்டைக் காலணா புழக்கத்தில் இருந்தபோதே ஆணிக்கும் போல்ட்டுக்கும் வாஷராக ஏறிவிட்டது. கடையில் வாஷர் வாங்குவதைவிட காலணா மலிவு என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். பரேல், லால்பாக் பக்கம் பழைய சால்கள் (வரிசைக் குடியிருப்புகள்) இடிபடும்போது கூரைத் தகட்டு போல்ட், மரப்பலகை சுவிட்சுபோர்டு, ஜன்னல் கொக்கி இவற்றின் அடியில் பாருங்கள். இடிப்பு மேஸ்திரியிடம் அனுமதி கேட்டு, அவர் ஒதுக்கி வைத்த இரும்புக் குவியலில் மட்டும் தேடுங்கள். கட்டடத்துக்குள் போக வேண்டாம். ஒரு பக்கம் நட்டு அழுத்திய வட்டத் தழும்பும் மறுபக்கம் எழுத்து பளிச்சென்றும் இருந்தால் அது வாஷராக வாழ்ந்த காலணா. சேகரிப்பவர் சிலர் இதைக் கெட்டுப்போன காசு என்று ஒதுக்குவார்கள். அந்த ரசனை எங்களுக்கு ஒத்துவராது.

வில்லையைச் சோதிப்பது

நடுவில்லை என்று ஒன்று கையில் வந்தால், உங்கள் ஓட்டைக் காலணாவின் ஓட்டையில் வையுங்கள். இறுக்கமாகவோ இம்மி தளர்வாகவோ பொருந்த வேண்டும். ஒரு மி.மீ. வித்தியாசம் என்றால் அங்கேயே கீழே போடுங்கள். முத்திரை அடிக்கும்போது உலோகம் கொஞ்சம் நகரும், ஆனால் அவ்வளவு நகராது.

அடுத்து எடை. சூத்திரம் எளிது. ஓட்டையின் விட்டத்தை அதனாலேயே பெருக்குங்கள். வெளி விட்டத்தையும் அப்படியே பெருக்கி, அதிலிருந்து முதல் விடையைக் கழியுங்கள். முதல் விடையை இந்த மிச்சத்தால் வகுத்து 2 கிராமால் பெருக்கினால் வில்லையின் எடை. உங்கள் காசில் ஓட்டை 9.5 மி.மீ. என்று அளந்தால் வில்லை சுமார் 0.5 கிராம் வர வேண்டும். 0.7 வந்தால் தகடு தடிமன், அது காலணாத் தகடு இல்லை.

இனி உலோகம். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பழுப்பாக இருந்தால் வெண்கலம், மஞ்சளாக இருந்தால் பித்தளை என்று நிறத்தை நம்புவது. பித்தளையைப் புளியிலோ அமிலத்திலோ நெடுநேரம் ஊறவைத்தால் மேல்தோலிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். சிவந்து, அசல் வெண்கலம் போலவே நிற்கும். ஓரத்தில் ஓரிடத்தில் நகத்தளவு சுரண்டினால் உள்ளே மஞ்சள் தெரியும். ஆனால் வாங்குமுன் சுரண்டக்கூடாதல்லவா? அதனால் தண்ணீர்ச் சோதனை.

தராசில் ஒரு கப் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், குமிழி ஒட்டாது. பொருளை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையோ சுவரையோ தொடாமல் பிடியுங்கள். தராசு காட்டும் எண்தான் அதன் கன அளவு. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. காலணா வெண்கலம் 8.8 முதல் 8.9. நிக்கல் பித்தளை 8.5 முதல் 8.7. கடையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளை 8.4 முதல் 8.5. நாலு கலவை வெள்ளி சுமார் 9.5. பழைய 91.7 வெள்ளி 10.3. வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் 8.7 பக்கம்; நாலு கலவை என்று தலையில் கட்டப்படுவது பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு பொறி. 2 கிராம் வெண்கலத்துக்குத் தராசு காட்ட வேண்டியது 0.23. தராசு 0.01 தவறினால் விடை 8.3லிருந்து 9.1 வரை எங்கும் விழும். அதாவது ஒன்றும் தெரியாது. அரை கிராம் வில்லைக்குக் கேட்கவே வேண்டாம். ஆகவே சின்னப் பொருளைத் தனியாக அளக்காதீர்கள். ஒரே மாதிரி இருபது வில்லையை மெல்லிய கம்பி வலையில் போட்டு, வெற்று வலையை முதலில் மூழ்கடித்துப் பூஜ்யமாக்கி, பிறகு நிறுங்கள். வீட்டில் வைத்துப் பார்க்க 0.001 கிராம் தராசு வாங்கினால் இந்தத் தலைவலி பாதி தீரும். 11.66 கிராம் ரூபாய்த் தகட்டுக்கு 0.01 தராசே தாராளம்: 1.22 காட்டினால் நாலு கலவை, 1.34 காட்டினால் ஜெர்மன் சில்வர்.

சந்தேகம் தீராவிட்டால் நகைக்கடைகள் நிறைந்த ஜவேரி பஜாரில், எக்ஸ் கதிரால் உலோகத்தைப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் சில நிமிஷத்தில் கலவையைச் சொல்லிவிடுவார்கள். பித்தளைக்கு இது மிக நல்ல சோதனை, ஏனென்றால் சாதாரணப் பித்தளையில் நிக்கல் இருக்காது. ஆனால் 50 சதவீத வெள்ளிக்கு இந்தக் கருவி பொய் சொல்லும். வெறுந்தகட்டை உலையில் பழுக்கவைத்து அமிலத்தில் கழுவும்போது மேல்தோலில் உள்ள செம்பு போய் வெள்ளி மிகுந்துவிடும். கருவி பார்ப்பது அந்த மெல்லிய தோலை மட்டும். 50 இருக்க வேண்டிய இடத்தில் 65, 70 என்று காட்டினால் பதற வேண்டாம், அடர்த்தி 9.5 வந்தால் சரி. தோலில் 70, அடர்த்தி 8.7 என்றால் அது வெள்ளி முலாம்.

வெறுந்தகடும் ஜாலித் தகடும்

வெறுந்தகடு இரண்டு நிலையில் கிடைக்கலாம். வெட்டியதும் தட்டையாக இருக்கும். அடுத்து ஓரத்தை அழுத்தி வரப்பு எழுப்புவார்கள். வரப்பு எழுந்த தகடுதான் நம்பத் தக்கது, வாஷர் பட்டறையில் யாரும் ஓரத்துக்கு வரப்பு எழுப்புவதில்லை. லென்ஸில் பாருங்கள்: அச்சால் வெட்டிய எந்த வட்டத்துக்கும் ஒரு பக்கம் விளிம்பு உருண்டிருக்கும், மறுபக்கம் கூராகப் பிசிறு நிற்கும். நாணயத் தகட்டில் உலையும் கழுவலும் பிசிறை மழுக்கியிருக்கும். நடுவில்லையோ உருகப்போகும் கழிவு, அதை யாரும் மழுக்கவில்லை. பிசிறு கூராக இருப்பதே சரி.

வட்டப் பித்தளைத் தகட்டைவிட முனை மழுங்கிய சதுரத் தகடு கிடைத்தால் மேல். வட்டம் ஆயிரம் தொழிலுக்கு வேண்டும். 5.83 கிராமில் மழுங்கிய சதுரம் வேறு எதற்கு? ஆனால் அதே எடை அரை ரூபாய்க்கும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வட்டங்களை வெட்டிய பின் ஓட்டை ஓட்டையாக மிஞ்சும் தகட்டை ஆங்கிலத்தில் சிசெல் என்பார்கள். பங்காரில் ஜாலி என்று கேட்டால் புரியும். எவ்வளவு நெருக்கி வெட்டினாலும் வட்டங்கள் தகட்டில் 90.7 சதவீதத்துக்கு மேல் நிரப்பாது, அது வடிவியல் கணக்கு. நடைமுறையில் இன்னும் அதிகம் மிஞ்சும். இவ்வளவு பெரிய பங்கை எந்த நாணயச்சாலையும் வெளியே விடாது. அதனால் ஜாலி என்று வருவதில் இரட்டைச் சந்தேகம் வேண்டும். ஓட்டை விட்டம் காசைவிட இம்மி பெரிதாக இருக்க வேண்டும், காரணம் வரப்பு எழுப்பும்போது தகடு கொஞ்சம் சுருங்கும். சிறிதாக இருந்தால் அது பித்தான் பட்டறை.

இன்னொன்று. "இது பாம்பே மின்ட், இது லாகூர் மின்ட்" என்று வெறுந்தகட்டுக்கு விலை பிரிப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். லாகூர் நாணயச்சாலை 1943ல் தொடங்கியது, அதன் காசில் எல் எழுத்து உண்டு. ஆனால் அந்த எழுத்து முத்திரையோடு விழுவது. முத்திரை விழாத தகட்டில் ஊர் பெயர் எங்கிருந்து வரும்? "டாக்யார்ட் வெடிப்பில் கிடைத்தது" என்ற கதையும் அதே ரகம். 1944 ஏப்ரல் 14ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது சிதறியது தங்கக் கட்டி, நாணயத் தகடு இல்லை.

வெளிநாட்டுச் சரக்கு

மும்பையில் அமெரிக்கக் காசும் கண்ணில் படும், இரண்டு தெரிந்திருந்தால் போதும். 1943ல் அமெரிக்கா செம்பை மிச்சம் பிடிக்க ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில பெட்டிகளில் மாட்டிக்கொண்டு 1943 முத்திரையோடு வெளியே வந்துவிட்டன. மீந்த தகடு எவ்வளவு பெரிய விலைக்குப் போகும் என்பதற்கு அதுவே உச்சம். ஆகவே போலியும் அதிகம். காந்தம் ஒட்டினால் எஃகின் மேல் செம்பு முலாம். எடை 3.11 கிராம் வர வேண்டும், எஃகு 2.70. ஒட்டவில்லை, எடையும் சரி என்றால் லென்ஸில் 3ஐப் பாருங்கள், 1948ன் 8ஐச் சீவி 3 ஆக்குவது பழைய வித்தை. மற்றொன்று 1944ல் பிலடெல்பியாவில் பெல்ஜியத்துக்காக அடித்த 2 பிராங்க். மீந்த அதே எஃகு சென்ட் தகடுகளில் அடித்தது, இரண்டரைக் கோடி. விலை குறைவு, ஆனால் போர்க்கால மீதி உலோகத்துக்கு இதைவிடச் சுத்தமான சாட்சி இல்லை.

மறுபடி நம் காலணாவுக்கு வருவோம். 1943க்குப் பிந்தைய காசில் ஓட்டை விழத் தவறியது என்று கொடுத்தால் நடுவில் வட்டக் கோடு தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அடைத்துத் தேய்த்திருந்தால் வெளிச்சம் அந்த வட்டத்தில் உடையும்.

சட்டம், சுருக்கமாக

2011ன் நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். கிடைத்த காசுகளை உருக்கிக் கட்டியாக்க நினைக்க வேண்டாம். முத்திரை அச்சு எதுவும் விற்பனைக்கு வந்தால் கையால் தொடாதீர்கள், பழசு என்பது சாக்காகாது. இன்றைய நாணயச்சாலையின் தகடு என்று வருவதும் அப்படியே, அது திருட்டுப் பொருளாக இருக்கவே வாய்ப்பு. நூறு ஆண்டு கடந்த காசுதான் தொல்பொருள் என்பதால் 1943 சரக்குக்கு இன்னும் அந்தச் சிக்கல் இல்லை. மண்ணைத் தோண்டி எடுத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் 1878ன் புதையல் சட்டம் குறுக்கே வரும், கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள்: தேதி, கடை, எடை, "பித்தளைக் கழிவு". நாளைக்கு விற்கும்போதும் அந்தச் சீட்டுதான் பேசும்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் வேலை கை கழுவுவது. பங்காரில் ஈயத் தூசு இருக்கும். அடுத்து பொருளை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் முக்கி எடுத்துத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பிராஸோ எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அழகு செய்வது இங்கே ஆதாரத்தை அழித்துவிடும், பிசிறும் உலைக்கறையும் போய்விட்டால் அது வெறும் வட்டம்.

மும்பையின் உப்புக் காற்று வெண்கலத்துக்கு எமன். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அதை உடனே தனியே பிரித்து, வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி, பொடி வருவது நின்றபின் நன்றாக உலர்த்துங்கள். மென்மையான பிவிசி ஆல்பம் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசின் கக்கும். மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை, மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஜூன் பிறக்குமுன் ஜெல்லை மாற்றுங்கள், ஆகஸ்டில் இன்னொரு முறை.

உறையின் மேல் எடை, விட்டம், தடிமன், அடர்த்தி, வாங்கிய இடம், தேதி ஆறையும் பென்சிலால் எழுதுங்கள். பெயர் எழுதும் இடத்தில் "காலணா நடுவில்லை" என்று எழுதாமல் "வெண்கல வில்லை, காலணா ஓட்டைக்குப் பொருந்துகிறது" என்று மட்டும் எழுதுங்கள்.